டோக்கன் கொடுக்கும் பூட்டு: சின்ன கெர்னலுக்கு ஏற்ற, நியாயமான ஸ்பின்லாக்

மார்த்தாண்டத்தில் எங்கள் சிறு வயதில் ஒரு டாக்டர் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கதவு திறக்கும். நாலு மணிக்கே திண்ணை நிறைந்துவிடும். வரிசை என்று ஒன்று கிடையாது. உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் கதவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர்தான் அடுத்த ஆள். கதவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வந்தவர். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு காரியம் கேக்க மறந்துட்டேன்" என்று அப்படியே திரும்பி உள்ளே போய்விடுவார். தூணோரம் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து வருவதற்குள் கதவு மறுபடி சாத்தியிருக்கும். ஆடிச் சாரலில் நனைந்து, காய்ச்சலோடு அம்மா மடியில் படுத்திருந்து, எங்கள் முறை வராமலே வீடு திரும்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த வருஷம் கம்பவுண்டர் ஒரு வேலை செய்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சதுரமாக வெட்டி, எண் எழுதி, வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கதவில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார். சிலேட்டில் இருக்கும் எண் கையில் இருக்கும் அட்டையில் இருந்தால் உள்ளே போகலாம். டாக்டர் பார்க்கும் வேகம் மாறவில்லை, கூட்டமும் குறையவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் வந்த வரிசையில் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளும் இப்படி ஒரு திண்ணை இருக்கிறது. நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சின்னதாக ஒரு கெர்னல் எழுதிப் பார்க்கிறோம். அதில் எல்லாரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். நானும் இதே இடத்தில்தான் விழுந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைக்குச் சாதாரண செல்போனில்கூட எட்டு கோர்கள், அதாவது தனித்தனியாக நிரலை ஓட்டும் எட்டுச் செயலிகள், இருக்கின்றன. எட்டும் ஒரே நேரத்தில் கெர்னலின் நிரலை ஓட்டலாம். காலியாக இருக்கும் நினைவகப் பக்கங்களைக் கெர்னல் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வேண்டுமென்றால் பட்டியலின் தலையில் இருப்பதை எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்ததைத் தலையாக்க வேண்டும். 0-வது கோர் தலையைப் பார்க்கிறது: 700-வது பக்கம். அது தலையை மாற்றுவதற்குள் 1-வது கோரும் பார்க்கிறது: அதே 700. இரண்டும் எடுத்துக்கொண்டு போகின்றன. இப்போது இரண்டு நிரல்கள் ஒரே பக்கத்தில் எழுதுகின்றன. ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கிறது. இது எப்போதாவது ஒரு தடவைதான் நடக்கும், அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

ஆகவே பட்டியலைத் தொடும் முன் ஒரு பூட்டு வேண்டும். ஒரு கோர் உள்ளே இருக்கும்போது மற்றவை வெளியே நிற்க வேண்டும். எப்படி நிற்பது? தூங்கிவிட்டு, கதவு திறந்ததும் எழுப்பச் சொல்லலாம். ஆனால் தூங்க வைக்கும் கெர்னல் பகுதியான ஷெட்யூலரே தன் பட்டியல்களைப் பாதுகாக்க ஒரு பூட்டை நம்பியிருக்கிறது. இன்டரப்ட் (டைமர், நெட்வொர்க் கார்டு போன்றவை கோரை அவசரமாகக் கூப்பிடுவது) வந்து அதைக் கவனிக்கும் நேரத்தில் தூங்கவும் வழியில்லை. அதனால் கெர்னலின் அடித்தளத்தில் இருக்கும் பூட்டு வேறு மாதிரியானது. கதவையே பார்த்துக்கொண்டு, திறந்ததா திறந்ததா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும். அதுதான் ஸ்பின்லாக். உள்ளே இருக்கும் வேலை மிகச் சின்னதாக இருக்கும் வரைக்கும்தான் இது சரி.

இதன் எளிய வடிவம் ஒரே ஒரு மாறி. 0 என்றால் திறந்திருக்கிறது, 1 என்றால் சாத்தியிருக்கிறது. பூட்டு வேண்டிய கோர் 1-ஐ எழுதிவிட்டு, அதே நொடியில் பழைய மதிப்பை வாங்கிப் பார்க்கும். பழையது 0 என்றால் பூட்டு அதற்குக் கிடைத்துவிட்டது. 1 என்றால் மறுபடி முயற்சி செய்யும். எழுதுவதும் வாங்குவதும் நடுவில் யாரும் புகாமல் ஒரே செயலாக நடக்க வேண்டும். இப்படி இடைவெட்டில்லாமல் நடப்பதை அட்டாமிக் என்பார்கள். இன்டெல், ஏஎம்டி சிப்களில் எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டளையும், ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் வகையில் அமோஸ்வாப் என்ற கட்டளையும் இதற்காகவே இருக்கின்றன. எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தப் பயன்படும் எக்ஸ்வி6 என்ற சின்னஞ்சிறு சிஸ்டத்தில் இருப்பதும் இதே பூட்டுதான். படித்துப் புரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான பூட்டு இல்லை.

ஆனால் இது டோக்கன் இல்லாத திண்ணை. அடுத்தது யார் என்று இந்தப் பூட்டுக்குத் தெரியாது. கதவு திறந்த கணத்தில் யார் கை முந்துகிறதோ அவருக்குத்தான். இதில் எல்லாருக்கும் சம வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் இல்லை. அதற்குக் காரணம் கேஷ்.

ஒவ்வொரு கோரும் தனக்கு வேண்டிய நினைவகத் துண்டுகளின் நகலைத் தன் பக்கத்திலேயே கேஷில் வைத்துக்கொள்கிறது. நகல் எடுப்பது கேஷ் லைன் கணக்கில் நடக்கும். பெரும்பாலான சிப்களில் ஒரு லைன் 64 பைட். ஒரு கோர் அந்த லைனில் எழுத வேண்டுமென்றால் மற்ற எல்லாருடைய நகலும் செல்லாது என்று ஆக வேண்டும். அதன் பிறகுதான் எழுத முடியும். இப்போது யோசியுங்கள். பூட்டை இப்போதுதான் விட்ட கோர், விடுவதற்காக அந்த லைனில் 0 எழுதியிருக்கிறது. அப்படியென்றால் லைன் அதன் கையிலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு அது போய்ச் சேர நேரம் ஆகும், வேறொரு சாக்கெட்டில், அதாவது வேறொரு சிப்பில், இருக்கும் கோருக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். அதற்குள் விட்டவரே திரும்பி எடுத்துவிடலாம். மருந்துச் சீட்டோடு கதவோரம் நின்றவர் இவர்தான்.

இது கற்பனைப் பயம் இல்லை. லினக்ஸ் கெர்னலில் 2008 வரைக்கும் இன்டெல் வகைச் சிப்களுக்கு இப்படிப்பட்ட, வரிசை பார்க்காத ஸ்பின்லாக்தான் இருந்தது. நிக் பிகின் என்ற கெர்னல் நிரலாளர் இரண்டு சாக்கெட், எட்டு கோர் கொண்ட ஒரு ஆப்டெரான் இயந்திரத்தில் சோதித்துப் பார்த்தார். ஒரே வேலையைச் செய்யும் த்ரெட்களுக்குள் (ஒரு நிரலின் தனித்தனி ஓட்டங்கள்) ஓடி முடிக்கும் நேரம் இரண்டு மடங்கு வரை வித்தியாசப்பட்டது. சில த்ரெட்கள் பட்டினி கிடந்தன, சிலவற்றுக்கு 10 லட்சம் தடவை வரை பூட்டு நியாயமில்லாமல் கிடைத்திருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் வந்த 2.6.25 பதிப்பில் அவர் எழுதிய, டோக்கன் கொடுக்கும் டிக்கெட் ஸ்பின்லாக் சேர்ந்தது.

சராசரி வேகம் நன்றாக இருந்தால் போதாதா, ஒரு கோர் கொஞ்சம் அதிகம் காத்திருந்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். கெர்னலுக்குள் அது போதாது. பூட்டுக்காகச் சுற்றும் கோர் பெரும்பாலும் இன்டரப்ட்களை அணைத்துவிட்டுத்தான் சுற்றுகிறது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அது சுற்றும் வரைக்கும் அந்தக் கோருக்கு டைமர் அடிப்பதும் கேட்காது, நெட்வொர்க் கார்டு கூப்பிடுவதும் கேட்காது. அந்தக் கோரை நம்பியிருக்கும் எல்லா நிரல்களும் நின்றுவிடும். திண்ணையில் ஒரு ஆள் காத்திருக்கிறார் என்றால் அவரோடு ஒரு வீடே காத்திருக்கிறது.

சரி, கம்பவுண்டரின் வழிக்கு வருவோம். மாறிகள் இரண்டே இரண்டு.

பூட்டு:
  அடுத்த_டோக்கன் = 0
  சிலேட்டு = 0

எடு:
  என்_டோக்கன் = அட்டாமிக்_கூட்டு(அடுத்த_டோக்கன், 1)
  சிலேட்டு, என்_டோக்கன் இரண்டும் வேறாக இருக்கும் வரை:
    சற்று_நில்

விடு:
  சிலேட்டு = சிலேட்டு + 1

அட்டாமிக்_கூட்டு என்பது 1-ஐக் கூட்டிவிட்டு, கூட்டுவதற்கு முன் இருந்த மதிப்பைத் திருப்பித் தரும் கட்டளை. மேலே இருக்கும் அட்டையைக் கிழித்துக் கையில் கொடுப்பது போல. இரண்டு கோர்கள் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒரே எண் இருவருக்கும் வராது. சற்று_நில் என்ற இடத்தில், நான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சிப்புக்குச் சொல்லும் கட்டளையைப் போட வேண்டும். இன்டெலில் அதற்குப் பெயர் பாஸ்.

நாலு கோர்களை வைத்து ஓட்டிப் பார்ப்போம். முதலில் 2-வது கோர் வருகிறது. டோக்கன் 0, சிலேட்டிலும் 0, நேராக உள்ளே. அது உள்ளே இருக்கும்போது 0-வது கோர் வந்து டோக்கன் 1 வாங்குகிறது. பிறகு 3-வது கோர் டோக்கன் 2 வாங்குகிறது. 2-வது கோர் வேலை முடிந்து சிலேட்டை 1 ஆக்குகிறது. உடனே அதற்கு மறுபடி பூட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஷ் லைன் அதன் கையில்தான் இருக்கிறது, கேட்பதில் அதுதான் முந்தும். ஆனாலும் அதற்குக் கிடைப்பது டோக்கன் 3. முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். கதவோரம் நிற்பதால் இனி ஒரு லாபமும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, காத்திருப்புக்கு ஒரு எல்லை கிடைப்பது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். நீளம் பயமுறுத்தும். ஆனாலும் முன்னால் நிற்கும் தலைகளை எண்ணி, ஒரு படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டால், எத்தனையாவது படகு நம்முடையது என்று சொல்லிவிடலாம். டிக்கெட் லாக்கிலும் அப்படித்தான். நாலு கோர்கள், ஒவ்வொன்றும் பூட்டை அதிகபட்சம் 5 மைக்ரோசெகண்ட் வைத்திருக்கும் என்றால், எந்தக் கோரும் ஏறக்குறைய 15 மைக்ரோசெகண்டுக்கு மேல் காத்திருக்காது. முன்னால் மூன்று பேருக்கு மேல் நிற்க வழியே இல்லை. டோக்கன் இல்லாத பூட்டில் இப்படி ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதவே முடியாது.

டோக்கன் யோசனை பழையது. லெஸ்லி லாம்போர்ட் 1974-இல் ரொட்டிக் கடையில் எண் வாங்கி நிற்பதை வைத்தே ஒரு வழிமுறை எழுதினார். அட்டாமிக் கட்டளைகளே இல்லாமல் ஓடக்கூடியது அது. இன்றைய சிப்களில் அந்தக் கட்டளைகள் இருப்பதால் நமக்கு மேலே இருக்கும் சில வரிகள் போதும்.

சில வரிகள்தான் என்றாலும் தப்பு செய்ய இடம் இருக்கிறது. பூட்டை விடும்போது அட்டாமிக் கட்டளை வேண்டாம், ஏனென்றால் சிலேட்டில் எழுதும் உரிமை உள்ளே இருப்பவர் ஒருவருக்குத்தான். ஆனால் இடத்தை மிச்சப்படுத்த இரண்டு எண்களையும் 16 பிட், 16 பிட்டாக ஒரே 32 பிட் சொல்லில் (சிப் ஒரே தடவையில் கையாளும் நினைவகத் துண்டு) வைப்பது வழக்கம். அப்போது விடுகிறவர் முழுச் சொல்லையும் எழுதினால், அந்த நேரத்தில் வேறொருவர் வாங்கிய டோக்கன் அழிந்துவிடும். சிலேட்டு இருக்கும் பாதியை மட்டும் எழுத வேண்டும். அடுத்த_டோக்கனை மேல் பாதியில் வைக்க வேண்டும். கீழ்ப் பாதியில் வைத்தால், 16 பிட்டில் அடங்கும் கடைசி எண்ணான 65,535-க்கு அப்புறம் 1 கூட்டும்போது மிச்சம் மேலே ஏறி, சிலேட்டைக் கெடுத்துவிடும். மேல் பாதியில் இருந்தால் மிச்சம் வெளியே விழுந்துவிடும், எண் 0-வுக்குத் திரும்பும். சமமா என்று மட்டும் பார்ப்பதால் அப்படித் திரும்புவதில் கெடுதல் இல்லை. இந்த இடத்தில் பெரியதா சிறியதா என்று ஒப்பிட்டு எழுதிய நிரல் ஒன்றைத் தேடிப் பிடிக்க நான் ஒரு முழு வாரம் செலவழித்திருக்கிறேன்.

டோக்கனை வாங்கிவிட்டு வேண்டாம் என்று போகவும் முடியாது. அட்டையோடு வீட்டுக்குப் போனவரின் எண் சிலேட்டில் வந்து நின்றால் அது அப்படியே நின்றுவிடும். கிடைத்தால் எடு, இல்லையென்றால் விட்டுவிடு என்ற முயற்சி வேண்டுமென்றால், இரண்டு எண்களும் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்து, சமமாக இருந்தால் மட்டும், அதுவும் அதற்குள் மாறியிருக்கவில்லை என்றால் மட்டும், டோக்கனைக் கூட்டும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று நினைவக ஒழுங்கு. சிப்பும், நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் நாம் எழுதிய வரிகளை வேகத்துக்காக இடம் மாற்றும். உள்ளே இருப்பவர் இன்னும் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கவில்லை, அதற்குள் சிலேட்டில் அடுத்த எண் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைமைதான் இங்கேயும் வரும். பட்டியலின் தலையை மாற்றியது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் பூட்டு திறந்ததாகத் தெரிந்துவிடும். ஆகவே எடுக்கும் இடத்தில் அக்வயர் (பின்னால் வருவது இதற்கு முன்னால் போகக் கூடாது), விடும் இடத்தில் ரிலீஸ் (முன்னால் இருப்பது இதற்குப் பின்னால் போகக் கூடாது) என்று கட்டாயமாகக் குறிக்க வேண்டும். இன்டெல் சிப் இதில் கண்டிப்பானது, பல தப்புகளை வெளியே காட்டாது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டும் காட்டிவிடும். மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய கெர்னல் சின்ன ஆர்ம் போர்டில் விழுந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு இடங்களைத்தான்.

இன்டரப்ட் விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். ஒரு கோர் பூட்டை வைத்திருக்கும்போது அதே கோருக்கு இன்டரப்ட் வருகிறது. அதைக் கவனிக்கும் நிரலுக்கும் அதே பூட்டு வேண்டும். அது டோக்கன் வாங்கி நிற்கும். பூட்டை வைத்திருப்பவர் வெளியே வந்தால்தான் இதன் முறை வரும். இது முடிந்தால்தான் அவரால் நகரவே முடியும். இரண்டு பேரும் ஒரே கோரில் இருப்பதால் அங்கேயே உறைந்துவிடும். இன்டரப்ட் நிரலும் தொடக்கூடிய பூட்டு என்றால், டோக்கன் வாங்குவதற்கு முன்பே அந்தக் கோரின் இன்டரப்ட்டை அணைத்துவிட வேண்டும். ஒரே ஒரு கோர் உள்ள கெர்னலில் இந்த அணைப்பு மட்டுமே போதும், சுற்றுவதற்கே வேலை இல்லை.

டிக்கெட் லாக்குக்கு ஒரு உண்மையான பலவீனம் உண்டு. முறை வந்தவர் டீ குடிக்கப் போயிருந்தால், அறை காலியாக இருந்தும் பின்னால் நிற்கிற யாரும் உள்ளே போக முடியாது. நிஜ இயந்திரத்தில் கோர்கள் டீ குடிக்கப் போவதில்லை. விர்ச்சுவல் மெஷினில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், போகும். அங்கே கோர் என்று தெரிவது, அதை நடத்தும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கக்கூடிய ஒரு த்ரெட்தான். அதனால் லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின்களுக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கிறது.

அப்புறம், கோர்கள் மிகவும் பெருகினாலும் சிக்கல். நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே சிலேட்டைத்தான் பார்க்கிறார்கள். எண் மாறும் ஒவ்வொரு தடவையும் எல்லாருடைய நகலும் செல்லாததாகி, எல்லாரும் புது நகல் கேட்பார்கள். உள்ளே போகப்போவது ஒருவர்தான், ஓடி வந்து எட்டிப் பார்ப்பது அத்தனை பேரும். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2012-இல் 48 கோர் இயந்திரத்தில் இதைக் காட்டினார்கள். சில கோர்களைக் கூடுதலாகச் சேர்த்ததும் மொத்த வேகம் படிப்படியாக இல்லாமல் சட்டென்று சரிந்தது.

இதற்கு மாற்று எங்கள் ஊர் சலூனில் இருக்கிறது. உள்ளே நுழைகிறவர், "கடைசி ஆரு?" என்பார். "நாந்தான்" என்று ஒருவர் கை தூக்குவார். "அப்போ ஒங்களுக்குப் பொறவு நான்." அவ்வளவுதான், வந்தவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அவருக்கு முன்னவர் முடித்து எழுந்து வந்து தோளில் தட்டுவார். ஜான் மெல்லர்-கிரம்மியும் மைக்கேல் ஸ்காட்டும் 1991-இல் வெளியிட்ட எம்சிஎஸ் லாக் இதுதான். கடைசி ஆள் யார் என்பது மட்டும் எல்லாருக்கும் பொதுவான மாறி. ஒவ்வொரு கோரும் தன் சொந்தக் கேஷ் லைனைப் பார்த்தே சுற்றும். முன்னவர் வந்து அதில் மட்டும் எழுதுவார். லினக்ஸ் 2015-இல் இதே யோசனையை 4 பைட்டுக்குள் அடக்கி, 4.2 பதிப்பில் டிக்கெட் லாக்கின் இடத்தில் வைத்தது.

அதைப் படித்ததும் எங்கள் பிள்ளைகளில் ஒருவன், "அண்ணே, அப்போ நாமளும் அதையே எழுதுவோம்" என்றான். நான் வேண்டாம் என்றேன். எம்சிஎஸ் லாக்கில் ஒவ்வொருவருக்கும் தனி இடம் ஒதுக்க வேண்டும். விடும் நேரத்தில், பின்னால் ஒருவர் சேர்ந்துகொண்டே இருக்கும் இடைநிலை ஒன்றையும் கவனிக்க வேண்டும். நாலு கோர் போர்டில் அந்தப் பாடுக்குப் பலன் இல்லை. லினக்ஸே 2022-இல் ரிஸ்க்-ஃபைவ் சிப்களுக்கு 5.19 பதிப்பில் டிக்கெட் லாக்கைத்தான் போட்டது. எளிமையானது, எல்லாருக்கும் முறை கிடைக்கும், ஒரு பக்கத்துக்குள் முழுவதையும் படித்துச் சரிபார்த்துவிடலாம். வரிசை நீண்டுகொண்டே போகிறதென்றால் வேறு பூட்டைத் தேடுவதற்கு முன்னால், ஏன் எல்லாரும் ஒரே கதவுக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். காலிப் பக்கங்களை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனிச் சின்னப் பட்டியலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால், பொதுப் பட்டியலின் பூட்டுக்கு யாராவது வருவதே அபூர்வமாகிவிடும்.

எழுதி முடித்ததும் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு கோரையும் பூட்டை எடுத்து, ஒரு பொது எண்ணில் 1 கூட்டி, தனக்கென்று ஒரு தனி எண்ணிலும் 1 கூட்டி, விடச் சொல்லுங்கள். சில நொடிகள் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். தனி எண்களின் கூட்டுத்தொகை பொது எண்ணுக்குச் சமமாக இல்லையென்றால் பூட்டு உடைந்திருக்கிறது. சமமாக இருந்தால் தனி எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். டோக்கன் பூட்டில் அவை கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், பழைய பூட்டை மாட்டி ஓட்டினால் பல இயந்திரங்களில் ஒரு கோர் மட்டும் எங்கோ முன்னால் போயிருக்கும். அந்த இரண்டு ஓட்டங்களின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பிள்ளைகள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். சோதனைக்காக மட்டும் அடுத்த_டோக்கன், சிலேட்டு இரண்டையும் 0-இல் தொடங்காமல் 65,530-இல் தொடங்குங்கள். எண் சுற்றித் திரும்பும் இடத்தில் தப்பு இருந்தால் ஆறாவது டோக்கன் தாண்டியதுமே கண்ணில் பட்டுவிடும்.